‘வெளியே’ என்னும் ஊர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலுக்கு இடப்புறம் ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்று நான் எழுதுவது மரியாதை கருதி. பிளாஸ்டிக் புல் விரிப்பு, இரண்டு சிமெண்டு பெஞ்சுகள், குழந்தைகள் ஏறி உட்கார ஒரு யானைப் பொம்மை, சுற்றிலும் இடுப்பளவுச் சுவர், இவ்வளவுதான். சுவரில் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கிறார்கள். அதில் ஒரு பெண்மணியின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து, அதன் கீழே ‘மரம் வளர்த்த மாதரசி நினைவுப் பூங்கா’ என்றும் பொறித்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்மணி பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் என்னோடு நெடுங்காலம் பணியாற்றியவர். நான் வரலாறு, அவர் அறிவியல். அவர் மரம் வளர்த்து நான் பார்த்ததில்லை. மரம் நடும் விழாக்களில் கடைசி வரிசையில் நின்று, கைதட்டாமல் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தலைமையாசிரியரிடம், “போன வருசம் நட்ட குழிலயே நடுங்க சார், தோண்டற வேல மிச்சம்” என்றார். தலைமையாசிரியர் அதை நல்ல யோசனை என்றே எடுத்துக்கொண்டார்.

பட்டம் பொய்யாக இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இறந்தவர்களைப் பற்றிப் பொய்யாகப் புகழ்வது நம் நாட்டுப் பழக்கம். பொறுக்க முடியாதது பூங்கா அமைந்திருக்கும் இடம். அது ஏரியின் மிகுநீர் ஓடும் கால்வாய். எந்தக் கால்வாயை அடைக்காதீர்கள் என்று அவர் தம் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தாரோ, அதையே மண்ணடித்து நிரப்பி, அதன்மேல் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவரை அவமதிக்க இதைவிட நேர்த்தியான வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி ‘இரண்டு பக்கம் பாசிட்டிவாக’ எழுதித் தருமாறு செயலாளர் என்னைக் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். அவர் பெயரை மட்டும் எழுதமாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

*

எங்கள் பள்ளியின் பழைய கட்டடத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையே சுவர் கிடையாது, தட்டிதான். அதனால் நான் என் மாணவர்களுக்கு ஆங்கிலேயர் வருகையை விளக்கிக்கொண்டிருக்கையில், அடுத்த வகுப்பிலிருந்து அவருடைய குரல் என் பாடத்துக்குள் நுழையும். உரத்த குரல். தூய தமிழும் அன்று. ஏரிக்கரையை ஒட்டிய பழைய தெருவில், விவசாயக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர்; அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். ஆயினும் அத்தெருவின் பேச்சை வகுப்பறை வாசலில் கழற்றி வைக்க அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை.

ஒருநாள் அவர் நடத்திக்கொண்டிருந்தது திடக்கழிவு பற்றிய பாடம்.

“டேய், உன் ஊட்டு குப்ப எங்கடா போவுது?”

“வெளிய போவுது டீச்சர்.”

“வெளியன்றது இன்னா ஊரு?”

பெஞ்சு நகரும் ஓசை கேட்டது.

“அந்த ஊருக்கு எந்த பஸ்ஸுடா போவுது? நானும் ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

வகுப்பு சிரித்தது. என் வகுப்பும் சிரித்தது. நான் சாக்குக்கட்டியால் மேசையைத் தட்டினேன்.

“பஸ்ஸு போவாது டீச்சர். லாரிதான் போவும்.”

“லாரி எங்க போவுது?”

 பிறகு ஒரு பெண் குழந்தையின் குரல், தயங்கித் தயங்கி வந்தது. “எங்க ஊட்டாண்ட வந்து கொட்டுவாங்க டீச்சர்.”

அந்தக் குழந்தையின் பெயர் தேவகி. பழைய தெருவின் கடைசி வீடு.

“கேட்டுகினீங்களா?” என்றார் அவர். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. “இந்த கிளாஸ்ல இனிமே யாரும் வெளியன்னு சொல்லக் கூடாது. வெளியன்னு ஒரு ஊரே கெடையாது. எங்க போவுதுன்னா, யாரு ஊட்டாண்ட போவுதோ அவங்க பேரச் சொல்லணும்.”

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியது உண்மையில் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதன் கிளைகள். அவருடைய மாணவர்கள் விடைத்தாளில்கூட ‘கழிவுநீர் வெளியேற்றப்படுகிறது’ என்று எழுத மாட்டார்கள். கழிவுநீர் எந்தத் தெரு வழியாகப் போய் எந்தக் குட்டையில் விழுகிறது என்று எழுதி மதிப்பெண் இழப்பார்கள். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டுவருவதுதான் அவர் கொடுக்கும் வீட்டுப்பாடம். எந்த மடை எப்போது திறக்கும், எந்தக் கிணறு எப்போது உப்பாயிற்று, யாருடைய நிலம் முதலில் மூழ்கும் என்றெல்லாம் பிள்ளைகள் தம் தெருவிலேயே கேட்டு வந்து வகுப்பில் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டார் சொல்வது முரண்பட்டால், இரு தரப்பையும் பள்ளிக்கே வரவழைத்துவிடுவார். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து, மடை இருந்த இடத்தைப் பற்றி முதியவர்கள் சண்டையிட்ட காட்சியை நானே பார்த்தேன்.

அவருடைய மொழியைப் பற்றி நான் ஆட்சேபித்தது உண்மை. அதை இன்றும் மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் என்பவர் நல்ல தமிழுக்கு எடுத்துக்காட்டாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து, இன்றும் அதுவே. “அம்மா, பாடம் நடத்தும்போதாவது ‘ஊட்டாண்ட’ என்பதை விடக்கூடாதா?” என்று கேட்டேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னார். “நா ‘இல்லத்தருகே’ன்னு கேட்டா, அவங்க ‘வெளியே’ன்னு பதில் சொல்றாங்க சார். ‘ஊட்டாண்ட’ன்னு கேட்டாத்தான் நெசம் வருது.”

நான் என் டப்பாவைத் திறந்தேன். ஒப்புக்கொள்ளவில்லை.

*

அவரோடு பழகுவது சுகமான காரியமாக இருந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் மகளின் திருமணம் கரையான்சாவடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பந்தி முடிந்ததும் எல்லோரும் தாம்பூலப் பைக்காக நிற்க, இவர் மட்டும் மண்டபத்தின் பின்பக்கம் போய்விட்டார். எச்சில் இலையும் பிளாஸ்டிக் தம்ளரும் எங்கே போகின்றன என்று பார்க்கத்தான். திரும்பி வந்து, சம்பந்தி வீட்டார் கூடி நின்ற இடத்திலேயே, சமையல் ஒப்பந்தக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னாங்க, பின்னாடி கால்வாலயே தள்ளி வுட்டுகினு கீறாங்க உங்க ஆளுங்க?”

“கல்யாண ஊட்ல வந்து இன்னா மேடம் இது. அதெல்லாம் வெளிய போயிடும்.”

அந்தச் சொல்லை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பேருந்து எண் கேட்டார். ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்தார். சம்பந்தியும் என்னைப் பார்த்தார். ஒரு தகப்பனுக்கு வாழ்வில் ஒருமுறை வரும் நாளில் எனக்கு நேர்ந்த அந்தத் தலைகுனிவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தம்ளர்களைத் திரும்ப அள்ளி மூட்டை கட்டிய பிறகுதான் அவர் மண்டபத்தை விட்டுப் போனார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாவட்ட அளவில் ஒரு கண்காட்சி நடந்தது. ‘நிலையான எதிர்காலம்’ என்பது தலைப்பு. முதற்பரிசு பெற்றது ஒரு தெர்மாகோல் நகரம். காற்றாலை சுழன்றது, கூரைகளில் சூரியத் தகடு மின்னியது, நடுவே நீலக் கண்ணாடித் தாளில் ஓர் ஏரி. அவருடைய மாணவர்கள் மேசைமீது எதையும் வைக்கவில்லை. யார் வந்து கேட்டாலும், அவரவர் தெருவின் தண்ணீர் எங்கிருந்து வந்து யார் வீட்டருகே போகிறது என்று வாயால் சொல்லத் தயாராக நின்றார்கள். நடுவர்கள், “மாடல் எங்கே?” என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள், எதிர்காலத்தைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசியவர்கள், நின்று ஒரு கேள்வி கேட்க மனமில்லாமல் போனார்கள். அந்த மண்டபத்திலேயே நான் இதைச் சொன்னேன். கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அவர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. பரிசு பெற்ற நகரத்தின் முன் குனிந்து, அதைச் செய்த மாணவியிடம் கேட்டார்.

“அழகாக் கீதும்மா. இந்த ஏரிக்கு தண்ணி எப்டி வருது?”

“டாங்கர்ல, மிஸ்” என்றது அந்தக் குழந்தை.

*

இனி அம்மன் மாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது விளங்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால், மிகுந்த நீர் கலங்கல் என்னும் கல்கட்டின் மேல் வழிந்து கால்வாயில் இறங்கும். முதல் நாள் அப்படி வழியும்போது, பழைய தெருப் பெண்கள் சாமந்தியும் வேப்பிலையும் சேர்த்து ஒரு பெரிய மாலை கட்டி, கரையில் உள்ள அம்மனுக்குச் சாத்தி எடுத்து, கலங்கலில் விடுவார்கள். மாலை கால்வாயில் மிதந்து போகும். ஊர் அதன்கூடவே கரையில் ஓடும். மாலையை யாரும் கையால் தொடக் கூடாது. எங்கேயாவது அது தட்டி நின்றுவிட்டால், எல்லோரும் அங்கே நின்று, அந்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி உரக்கக் கூவுவார்கள். அவர் மண்வெட்டி கொண்டுவந்து அடைப்பை எடுத்து, மாலை மறுபடி நகரும்வரை கூவுவார்கள். ‘உன் ஊட்டாண்ட மாலை நின்னுச்சாமே’ என்பது அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கடுமையான சொல். பெண் கொடுக்க வருபவர்கள்கூட அதை விசாரிப்பார்கள்.

இது மூடநம்பிக்கை என்று நான் அவரிடம் சொன்னேன்.

“சாமிய வுடுங்க சார். ஆபீசுக்கு மனு போட்டா, பதில் வர்றதுக்குள்ள மழை முடிஞ்சிரும். மாலை நின்னா சாயந்தரத்துக்குள்ள மம்பட்டி வந்துரும்” என்றார்.

கலங்கல் வழியும் நாளில் அவர் வகுப்பு பள்ளியில் நடக்காது. தலைமையாசிரியரின் குறிப்பாணைகளை ஒருபுறம் வாங்கிக்கொண்டு, மறுபுறம் பிள்ளைகளை வரிசையாகக் கரைக்கு அழைத்துப் போவார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குடையை மடக்கிக் கையில் பிடித்தபடி, மாலைக்குச் சமமாக ஓடுவார்.

ஓராண்டு மாலை நின்ற இடம் அவருடைய சொந்த அண்ணன் வீட்டு வாசல். வண்டி நிறுத்த வசதியாக, அண்ணன் கால்வாயின் குறுக்கே தாழ்வாகச் சிமெண்டுப் பலகை போட்டுப் படி கட்டியிருந்தார். மாலை அதில் சிக்கி நின்றது. ஊர் தயங்கியது, டீச்சரின் அண்ணன் ஆயிற்றே. முதலில் பெயரைக் கூவியது அவர்தான். தம் அண்ணனை அப்பா வைத்த முழுப் பெயர் சொல்லி, வகுப்பு முழுவதையும் உடன் கூவவைத்தார்.

அண்ணி வெளியே வந்தார். “கூடப் பொறந்தவ செய்ற வேலையா இது? நாலு பசங்கள இட்டாந்து அண்ணன் மானத்த வாங்கறியே.”

“மாலையை நா நிறுத்தல அண்ணி. உன் படி நிறுத்துச்சு.”

“உனுக்கு இனிமே இந்த ஊட்ல தண்ணி கெடையாது.”

“அத்த மட்டும் அடைச்சிடாத. வர்ற தண்ணி வரட்டும்.”

படி அன்றே உடைக்கப்பட்டது. அண்ணன் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். தங்கையின் சாவு வீட்டில்தான் பிறகு வந்து நின்றார் என்று கேள்விப்பட்டேன். படி உடைந்த மறுநாள் ஆசிரியர் அறையில் இவர் சாப்பிடாமல் டப்பாவை மூடி வைத்ததையும் பார்த்தேன். “செய்திருக்க வேண்டாமே அம்மா” என்றேன். “அண்ணன் பேர வுட்டுட்டு தேவகி அப்பா பேர மட்டும் கூவ சொல்றீங்களா சார்?” என்று கேட்டார். 

*

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றோம். நான் என் சேமநிதியில் இந்தக் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினேன். திருநெல்வேலி, மதுரை, ஈரோடு என்று எங்கெங்கிருந்தோ வந்த இளம் தம்பதிகள். பெரும்பாலோர் கணினி நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். பண்பானவர்கள். மாடிப்படியில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆனால் தம் வீட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. எங்கள் குடியிருப்பு மதிலின் ஒரு மூலை கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டியவரின் கைவரிசை.

நான் குடிவந்த பின் ஒரு மழைக்காலத்தில் மாலை வந்து எங்கள் மதிலில் நின்றது. பழைய தெருவே பின்னால் வந்து நின்றது. குடியிருப்புக்கு ஒரு வாயில் நுழையாத ஆங்கிலப் பெயர். அதை எப்படிக் கூவுவது என்று தெரியாமல், அவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கூவினார்கள்.

எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆரத்தி எடுத்தார்கள்.

அம்மனின் மாலை தானாக நம் வாசலுக்கு வந்திருக்கிறது, ஊர் மக்கள் நம் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டார்கள். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, மாலையை இரு கைகளாலும் எடுத்து, எங்கள் வாசல் பிள்ளையாருக்குச் சாத்தினார். பெண்கள் கேசரி கிளறிக் கொண்டுவந்து, மழையில் நனைந்து நின்ற பழைய தெருக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். செல்பேசியில் படம் எடுத்தார்கள்.

மாலையோடு ஓடிவந்திருந்த அவர் கையில் கேசரித் தட்டோடு நின்றிருந்தார். முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. பிறகு முகம் மாறிற்று.

“சார், உங்க ஊட்டாளுங்களுக்கு திட்டனாக்கூட புரியலயே” என்றார் என்னிடம்.

மறுநாள் முதல் அவர் எங்கள் குடியிருப்பில் வீடு வீடாக ஏறினார். மின்தூக்கி ஒத்துக்கொள்ளாது என்று படியில்தான் ஏறுவார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்பார். எல்லோரும் ‘வெளியே’ என்றார்கள். அவர் பேருந்து எண் கேட்டார். செயலாளர், “சூப்பர் மேடம், இத அப்படியே நம்ம கல்ச்சுரல் டேல ஒரு டாக்கா குடுங்க” என்றார். கலைநிகழ்ச்சிக்கு நடுவே பேச அழைத்தார்கள்; அங்கும் போய்ப் பேசினார். மூட்டு வலியோடு படியேறி ஏறி, கடைசியில் மதிலின் அந்த மூலையை அவர்கள் இடித்து உள்ளே தள்ளிக் கட்டும்வரை விடவில்லை. கால்வாய் திறந்தது. அடுத்த மழையில் மாலை எங்களைக் கடந்து போயிற்று. அது அவர் பார்த்த கடைசி மாலை.

அவர் இறந்தபின் சங்கம் இரங்கல் கூட்டம் நடத்தியது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசினார்கள். ‘அந்தக் காலி இடம்’ அழகில்லாமல் கிடக்கிறதே, பூங்காவாக்கி அவர் பெயரை வைக்கலாம் என்றார் ஒருவர். அவர்கள் காலி இடம் என்றது கால்வாயை. நான் எழுந்து என் எதிர்ப்பைச் சொன்னேன். அங்கிருந்தவர்கள் அனைவரும் இதற்குச் சாட்சி. “சென்டிமென்ட்டா எடுத்துக்காதீங்க அங்கிள், அடியில பைப் போடறோம்” என்றார் செயலாளர். குழாய் போட்டார்கள். வாளித் தண்ணீர் மட்டுமே போகக்கூடிய குழாய்.

*

சென்ற மழையில் ஏரி நிரம்பிற்று. மாலை வந்தது. பூங்காச் சுவரில், சரியாக அந்தக் கருங்கல் பலகைக்குக் கீழே வந்து நின்றது.

கால்வாய் பின்னோக்கி ஏறிக்கொண்டிருந்தது. பழைய தெருவில் முழங்காலளவு தண்ணீர். எங்கள் கார் நிறுத்துமிடத்திலும் ஊறத் தொடங்கியிருந்தது. மாலையோடு வந்த பெண்கள் சுவருக்கு எதிரே நின்றார்கள். வழக்கப்படி, மாலை நின்ற இடத்துக்கு உரியவரின் பெயரை அவர்கள் கூவ வேண்டும். சுவரில் இருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.  முன்வரிசையில் தேவகி நின்றாள். இப்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். சீருடைமேல் ஈரத் துண்டு போர்த்தியிருந்தாள். பலகையைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டாள்.

அப்போது செயலாளர் வந்தார். மாலையை எடுத்துப் பலகைமேல் சாத்தினார். “பாத்தீங்களா, மேடமே வந்து பிளெஸ் பண்ணிட்டாங்க” என்றார். காவலாளியிடம் திரும்பி, “மோட்டார எடுத்துட்டு வாப்பா. பார்க்கிங் தண்ணிய வெளிய எடுத்து விட்டுடலாம்” என்றார்.

எனக்கு வயதாகிவிட்டது. ரத்த அழுத்தம் உண்டு. தெருவில் நின்று குரல் உயர்த்துவது என் வழக்கமில்லை. ஆயினும் குடையை மடக்கிவிட்டு முன்னே போனேன்.

“வெளியன்றது இன்னா ஊரு?” என்று கேட்டேன்.

செயலாளர் திகைத்தார். “அங்கிள்?”

“அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு போவுது?”

அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வந்தன. நான் பேசும் தமிழை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பழைய தெருப் பெண்களிடையே ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. பிறகு, நெடுங்காலத்துக்கு முன் தட்டிக்கு அப்பாலிருந்து கேட்ட அதே குரல், இப்போது தயக்கமில்லாமல் வந்தது.

“பஸ்ஸு வேணாம் சார். எங்க ஊட்டாண்டதான்” என்றாள் தேவகி.

“நாங்க நிக்கறது இன்னான்னு நெனச்சிகினு கீறாரு இவுரு, ஷோ பாக்கவா?” என்றாள் அவள் பின்னால் நின்ற ஒருத்தி. இன்னொருத்தி, “இந்தா நைனா, உன் கேசரிய எடுத்துகினு போ, நாங்க சுவர எடுத்துகினு போறோம்” என்றாள். அதற்குள் கடப்பாரை வந்துவிட்டது.

செயலாளர், இது சங்கத்தின் சொத்து, படம் எடுக்கிறேன், புகார் கொடுப்பேன் என்றெல்லாம் சொன்னார். படமும் எடுத்தார். அந்தப் படத்தில் நான் இருக்கிறேன். அவர்கள் சுவரை உடைத்துக்கொண்டிருக்க, பலகையிலிருந்து மாலையை நான்தான் எடுத்தேன். கையால் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை ஏற்கெனவே ஒருவர் தொட்டுவிட்டார். எங்கே இருக்கக் கூடாதோ அங்கே வைத்துவிட்டார். ஈரமும் சேறும் சொட்டும் அந்தக் கனத்த மாலையை இரு கைகளிலும் ஏந்தியபடி, சுவர் உடையும்வரை மழையில் நின்றேன். உடைந்ததும் தண்ணீரில் விட்டேன். அது ஒரு சுழி சுழன்று, பிளாஸ்டிக் யானையை உரசிக்கொண்டு போயிற்று. பெண்கள் பின்னால் ஓடினார்கள். தேவகியும் ஓடினாள். சாயங்காலத்துக்குள் பழைய தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது.

கோடையில் சங்கம் சுவரை மறுபடி கட்டிவிட்டது. செலவில் ஒரு பங்கைச் செலுத்தும்படி எனக்குக் கடிதமும் வந்தது, செலுத்தப்போவதில்லை. பலகையின் பொன்னெழுத்துக்குப் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதே கையோடு இந்தக் கட்டுரையையும் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்பது இப்போது விளங்கும். மாலை நின்ற இடத்தில், தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தபோதும், அந்தப் பெண்கள் கூவ மறுத்த பெயர் அது. பலகையை இறக்குங்கள். சுவரை எடுங்கள். அடுத்த மழையில் மாலை அந்த இடத்தைத் தடையின்றிக் கடந்து போகட்டும். அன்று அவர் பெயரை, தலைப்பெழுத்தோடும், அவர் படித்து வாங்கிய பட்டங்களோடும், என் கையாலேயே எழுதித் தருகிறேன்.